கிராசிங்கில் ரயில் மீண்டும் ஊத வேண்டும்

அனுப்புநர்:
வெர்னா குச்செரா,
லெவல் கிராசிங்கை அடுத்த வீடு,
ஹாலோ பென்ட், நெப்ராஸ்கா.

பெறுநர்:
திரு. டேல் ரிங்க்விஸ்ட் அவர்கள்,
நகரத் தலைவர், ஹாலோ பென்ட்.

பொருள்: லெவல் கிராசிங்கில் சரக்கு ரயில்கள் ஊதக் கூடாது என்ற தடையை உடனே நீக்கக் கோருதல்.

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. சூறாவளி வரும் சத்தமும் சரக்கு ரயில் வரும் சத்தமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை இவ்வூரில் பிறந்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரை அதிரும், அலமாரியில் கோப்பைகள் நடுங்கும். ரயிலாக இருந்தால் கிராசிங்கில் ஊதும்: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். ஊதினால் சாப்பாட்டைத் தொடர்வோம். ஊதாவிட்டால் நிலவறைக்கு ஓடுவோம். இவ்வூரார் பிழைத்துக் கிடந்தது இப்படித்தான்.

2. புதிய விடுதியில் தங்குவோரின் தூக்கம் கெடுகிறது என்று தாங்கள் ஊதலை நிறுத்தினீர்கள். மன்றக் கூட்டத்தில் நான் எழுந்து மறுத்தபோது, "ஏம்மா வெர்னா, ரயில் ஊதலைன்னா உனக்குச் சாப்பாடு இறங்காதா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் எமிலும் சிரித்தார்.

3. சென்ற மே மாதம் அந்த மாலையில் வானம் பச்சையாகிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே கோழிகள் கூட்டுக்குள் போய்விட்டன. முதல் காற்றிலேயே மின்சாரம் போனதால் ஊர் எச்சரிக்கைச் சங்கு வாய் திறக்கவில்லை. நாங்கள் பிளம் பழம் வைத்த கொலாச்சே ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். கோப்பைகள் நடுங்கின. நான் எழுந்தேன். "ரயிலுதான்டி. அதான் இப்பல்லாம் ஊதறதில்லையே, மறந்துட்டியா? உட்காரு" என்றார் எமில். ஓட்டுநர்களுக்குக் கையசைப்பது அவர் வழக்கம். கையில் பாதி ரொட்டியோடு வாசலுக்குப் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். மழைக்குள்ளிருந்து வந்த எதற்கோ அவர் கையசைத்துக்கொண்டிருந்தார்.

4. உண்மையான ரயில் அப்போது புயலுக்காக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. அதன் காலிப் பெட்டிகளைக் காற்று தூக்கி வந்து, எங்கள் சோள வயலில் வரிசைகூடக் குலையாமல் வைத்திருந்தது. அவற்றுக்கு அப்பால்தான் எமில் கிடந்தார். அந்த ரயிலின் ஓட்டுநர் என்னைப் பார்க்க வந்து, "வண்டி ஓடிட்டிருந்தாலும் நான் ஊதியிருக்க மாட்டேம்மா. உத்தரவு அப்படி" என்று சொல்லி அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தங்கள்மேல் இருக்கிறது.

5. கதவு பிளந்த ஒரு பெட்டியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் காற்று புகுந்தால் தூரத்தில் ரயில் வருவதுபோலவே கேட்கிறது. எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தில் ஒன்றும் இல்லை. இப்போது எந்தச் சத்தம் கேட்டாலும் கீழே இறங்கிவிடுகிறேன். என்னைக் கேலி செய்துவந்த பக்கத்து வீட்டுக்காரர் ஆர்வில்கூட இப்போதெல்லாம் எனக்கு முன்பே தன் நிலவறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ரயிலா, மற்றதா என்று எங்கள் இருவருக்குமே தெரிவதில்லை.

6. ஆகவே ரயில்களை ஊத விடுங்கள். விடுதிக்காரர்களுக்குக் காதில் வைக்கப் பஞ்சு வேண்டுமானால் நானே தருகிறேன். ரயில் ஊதினால் போதும், அந்தப் பெட்டி வயலில் கிடந்துவிட்டுப் போகட்டும்.

இன்னும் எழுத இருந்தது. ஆனால் ஜாம் பாட்டில்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊதல் இல்லை.

நாள்: ஏப்ரல் 9
இடம்: என் வீட்டு நிலவறை

இப்படிக்கு,
வெர்னா குச்செரா