தத்துவம் படித்தவனுக்கு ஒரு வேலை

சித்திரை. திங்கள். வெயில்.

காலையிலேயே கிணற்றங்கரைக் கல் சுடுகிறது. கடலைக்கு உழவு. நைனாவோடு போனேன். ஒரு சால்கூட நேராக வரவில்லை.

திருப்பதியில் எங்கள் எம்.ஏ. தத்துவ வகுப்பில் நாலு பேர். ஒருவன் மலைமேல் கோயில் ஆபீசில் குமாஸ்தா. ஒருவன் மாமனாரின் அரிசி மில்லில். இன்னொருவன் சட்டம் படிக்கப் போய்விட்டான், மறுபடி முதலிலிருந்து. மீதி நான். இன்டர்மீடியட் பையன்களுக்கு லாஜிக் நடத்தும் வேலை ஒன்றுதான் எங்கள் படிப்புக்கு உண்டு. அதுவும் ஏதோ ஒரு காலேஜில்.

வியாழன். சித்தூர்.

பஸ்ஸில் பக்கத்து ஆள் என்ன படிப்பு என்றார். சொன்னேன். "வக்கீலுன்னா போர்டு மாட்டுவான். நீ இன்னா மாட்டுவ?"

காலேஜ் கமிட்டி சேர்மன் வீடு. எல்லைத் தகராறில் ஆந்திரா கட்சி. எங்கள் ஊர்கள் ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்று இங்கிலீஷில் மனு எழுதித் தரவேண்டுமாம். "ராயி பாபு, எழுது. தமிழ் ஊர்க்காரன் நீ எழுதினா வெயிட்டு. லாஜிக் லெக்சரர் போஸ்ட் உனக்குத்தான்." யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது.

ஞாயிறு. புழுக்கம்.

எழுதுகிறேன். சந்தை, கோர்ட், ரயில், ஏரித் தண்ணீர், எல்லாம் ஆந்திராவோடுதான் என்று. இதே நாலையும் வைத்து மெட்ராஸ் என்றும் எழுதலாம். எனக்கு வரும். பயமாக இருக்கிறது.

மாமா வந்தார். மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகப் போய்க் கைநாட்டு வாங்குகிறார். நைனாவும் வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டே, "நீ என்னா எய்திக்கினு கீற?" என்றார்.

வேலைக்கு மனு என்றேன். பொய் இல்லை. அம்மா வந்து விசிறிவிட்டாள். செத்துப்போகலாம் போல் வெட்கம்.

ஐப்பசி. வியாழன். மழை.

பேப்பரில் முடிவு. திருத்தணி மெட்ராசுக்கு. நாங்கள் ஆந்திராவில். மாமா சாப்பிடாமலே எழுந்து போனார். என் மனுவாலா? ஒரு மனுவுக்கு அவ்வளவு பலம் இருக்காது. இருக்கலாம்.

வெள்ளி. சித்தூர். தூறல்.

சேர்மனுக்குச் சந்தோஷம். காபி கொடுத்தார். இன்டர்மீடியட்டையே எடுத்துவிட்டார்களாம். புதிதாக வரும் பி.யு.சி.யில் லாஜிக் லேது, கிடையாது. ஸ்கூலில் ஏதாவது பார்க்கலாம், தெலுங்கு எழுத வருமா என்றார். பேச வரும் என்றேன்.

புத்தூர் பஸ் ஸ்டாண்டில், எலும்பு முறிவு வைத்தியத்துக்கு வந்து கையில் மூங்கில் பத்தை கட்டிய கூட்டம். மாவுக்கட்டு வாசனை. அவரவருக்கு எங்கே முறிந்தது என்று தெரியும்.

நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வேலை இல்லை என்றேன். வாளியைக் கீழே வைத்தார். பிறகு தோளைத் தட்டினார்.

"வுடுடா. உன் மேல தப்பில்ல. நம்ப ஊரு மெட்ராஸோட போயிருந்தா உனுக்கு வேல கெடச்சிருக்கும்."

ஆமாம் நைனா என்றேன்.