ஒரு பக்கம் மட்டும் வெளுத்த பை

வியாசர்பாடி,
மே 20

அன்பு மகள் மதிக்கு,

உன் அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை என்பதால், உன் தோழி சாபிராவிடம் கெஞ்சி உன் புனே விலாசத்தை வாங்கினேன். அந்தப் பெண்ணைத் திட்டாதே. முதலில் கொடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பேசின் பிரிட்ஜ் யார்டில் முப்பத்து நாலு வருஷம் ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்த எனக்கே தாங்கவில்லை. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. ஓர் ஆளுக்கு இரண்டு குடம் போதும், யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. சண்டை இல்லாததும் ஒரு குறையாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மோட்டார் சைக்கிள் நீ விட்ட இடத்திலேயே, படிக்கட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறது. லடாக் போக நீ இரு பக்கமும் கட்டிய கறுப்புத் துணிப் பைகளை நான் அவிழ்க்கவில்லை. கட்டியவளே அவிழ்க்கட்டும் என்று வீம்பாக இருந்தேன். போன மாதம் பார்த்தால், வெயில் பக்கத்துப் பை வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. வாரை நகர்த்தினால் அடியில் விரல் அகலத்துக்கு மட்டும் பழைய கறுப்பு. சுவர்ப் பக்கத்துப் பை வாங்கிய மாதிரியே இருக்கிறது.

நீ வந்து பார்த்தால் வருத்தப்படுவாய் என்று, எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். டியூட்டி ஷூவுக்குப் போடுகிற கறுப்பு பாலிஷை எடுத்துப் பை முழுக்கத் தேய்த்தேன். பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் புத்த பூர்ணிமா. புத்த விகாருக்குக் கிளம்பிய எதிர்வீட்டுப் பூவம்மாவின் வெள்ளைப் புடவை அதில் உரசிவிட்டது. "பைக்குப் போய் ஷூ பாலிஷ் போட்டுகினு கீற, இன்னாண்ணே ஆச்சு உனக்கு" என்று படியிலேயே நின்று கேட்டாள். புடவையை வாங்கி நானே துவைத்தேன், கறை போகவில்லை. மத்தியானம் அவளே ஒரு டம்ளர் பாயசம் வைத்துவிட்டுப் போனாள்.

பையில் இருந்த பாலிஷையும் சோப்புப் போட்டு முடிந்தவரை தேய்த்து எடுத்தேன், வெளுப்பு மறுபடி தெரிந்தது. பிறகு புளியந்தோப்பு மெக்கானிக் ரோஷனைக் கூட்டிவந்து வண்டியைச் சரிபார்த்தேன். பையைப் பார்த்துவிட்டு, "ஓடுற வண்டின்னா ரெண்டு பக்கமும் ஒரே மாரி வெளுக்கும் நைனா. இது ஒரே எடத்துல நின்னுகினு கீது" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். மறுபக்கமும் வெளுக்கட்டும் என்று வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். இரண்டு நாளில் அது ஏமாற்று வேலையாகத் தோன்றியது. பழையபடியே நிறுத்திவிட்டேன்.

ஏற்கெனவே ஒருமுறை உன்னை ஏமாற்றியிருக்கிறேன். லடாக் கிளம்ப வேண்டிய அன்று காலை உன் கூட்டாளிகள் கீழே வண்டிகளோடு காத்திருந்தபோது, உன் சாவி அரிசி டிரம்மில் இருந்தது. போட்டவன் நான். நீ வீடு முழுக்கத் தேடினாய். உன்னோடு நானும் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். அவர்கள் போய்விட்டார்கள். சாயங்காலம் உலை வைக்க அரிசி அள்ளும்போது உன் கையிலேயே சாவி சிக்கியது. ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டு டிவி மேல் வைத்தாய். மூன்றாம் நாள் ரயிலேறிவிட்டாய். உன் அம்மா போனபின் எனக்கு நீ ஒருத்திதான் என்ற பயம். ஆனால் ஒளித்ததைவிட, கூடவே தேடியதுதான் பெரிய தப்பு. பதினோரு மாதமாக அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரோஷனுக்கு டூல்ஸ் தேடிப் பையைத் திறந்தபோது, நீ மடித்து வைத்திருந்த என் யார்டு ஸ்வெட்டர் உள்ளே இருந்தது. இவ்வளவு நாளும் அதை வீட்டில் தேடிக்கொண்டிருந்தேன். மறுபடியும் அப்படியே வைத்துவிட்டேன்.

சாவியைத் துணியில் தைத்து இதோடு அனுப்புகிறேன். வண்டியை எடுக்க வா. லடாக்கோ, எங்கேயோ, உன் இஷ்டம். வீட்டுக்குள் வரவேண்டும் என்று கேட்கவில்லை. நான் மாடியில் நிற்பேன், நீ நிமிர்ந்து பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. ஸ்வெட்டரை மட்டும் போட்டுக்கொள், கண்ணு. அங்கே குளிர் அதிகமாம்.

நீ எங்கே ஓட்டினாலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அப்பா,
க. அப்பாவு