பெயரும் டோக்கன் எண்ணும் மட்டும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. வந்ததும் எக்ஸ்ரே முகாம் சி.டி.யைப் புரோகிராமில் ஏற்றினேன். போன மாதம் எங்கள் பீங்கான் கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்களே, அது. ஆளுக்கு ஒரு பதிவு, புரோகிராமில் அதற்கு ஆப்ஜெக்ட் என்று பெயர்: பெயர், டோக்கன், வயது, ஊர், பிரிவு, எக்ஸ்ரே முடிவு, டாக்டர் குறிப்பு.

மேனேஜர்: "முகாம் நடந்துச்சுன்னு ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்குக் காட்டணும். பேரு, டோக்கன் நம்பரு மட்டும் எடு. வேற எதுவும் வரக்கூடாதும்மா."

எது வேண்டும் என்று புரோகிராமிடம் கேட்கிற செலக்ட் வரியில் அந்த இரண்டு மட்டும் எழுதினேன். 112 பேர். சுத்தமாக வந்தது. டோக்கன் 47-ல் என் வீட்டுக்காரர், மண் அரைக்கிற மில். மீதி விவரமெல்லாம் உள்ளேயேதான் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அதனால் வரவில்லை.

மார்ச் 4, புதன்

வாங்க: து.பருப்பு, சோப்பு, அவருக்கு இருமல் மருந்து.

ஆட்களுக்கு முடிவு எப்போது சொல்வீர்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "அத நாங்க பாத்துக்கறோம். நீ லிஸ்ட எடு." பிறகு அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. "ஒம்பது பேருக்கு நெஞ்சுல கோளாறுங்க. இப்ப சொன்னா மில்லே நின்னுடும். ஆர்டர் போவட்டும்."

ஒன்பது. அதில் அவரும் உண்டா? வீட்டில் அவர் இருமினார். கேட்டேன். "தூசிதான். எல்லாருக்கும் இருக்குது."

மார்ச் 5, வியாழன்

செலக்ட் வரியில் 'முடிவு' என்று ஒரு சொல் சேர்த்தேன். அழித்தேன். மறுபடி சேர்த்தேன். மேனேஜர் கதவு திறந்தே இருந்தது. எனக்கும் அவருக்கும் ஒரே கம்பெனி. போனால் இரண்டு வேலையும் போகும். அதைவிட 47-ஐப் பார்க்க பயம். அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

'முடிவு' சேர்த்து ஓட்டிவிட்டேன். 47: நார்மல். திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்த ஒன்பது பேரைப் பார்த்தேன். 63, கலா அக்கா. பீங்கானுக்குக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு அடிக்கிறவர், தினமும் என்னோடு சாப்பிடுகிறவர். டாக்டர் குறிப்பு: 'உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு.' எழுதி ஒரு மாதம் ஆகிறது. நான் சந்தோஷப்பட்ட அதே திரையில்.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அக்கா டப்பாவை மூடிவிட்டார். "நீ பாத்தன்னு யாருகிட்டயும் சொல்லிடாதடி. வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க." எனக்காகப் பயப்படுகிறார்.

மூன்று மணிக்கு மேனேஜர் டவுனுக்குப் போனார். இந்த முறை டோக்கனும் டாக்டர் குறிப்பும் மட்டும், ஒன்பது பேருக்கு. பிரிண்ட் எடுத்து, தனித்தனியாக வெட்டி, மடித்து, கேட்டில் அவரவர் வருகைக் கார்டுக்குப் பின்னால் செருகினேன். வாட்ச்மேன் பார்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 7, சனி

ஏழு பேர் வேலைக்கு வரவில்லை. காலை பஸ்ஸில் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம், கலா அக்காவும். மில் பாதிதான் ஓடியது.

மேனேஜர் கூப்பிட்டார். சீட்டு ஒன்று மேசைமேல். "இது யாரு எடுத்தது?"

பொய் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. "நான்தான் சார்."

"திங்கக்கெழம பத்து மணிக்கு மொதலாளி வராரு. நீயும் ஒன் வீட்டுக்காரரும் வாங்க."

வீட்டில் அவரிடம் எல்லாம் சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். பிறகு, "நான்தான் எடுத்தேன்னு சொல்லிடட்டுமா?"

"உங்களுக்குக் கம்ப்யூட்டரு ஆன் பண்ணத் தெரியுமாங்க?"

"தெரியாது."

இருவரும் சிரித்தோம். திங்கட்கிழமைக்கு என் சேலையையும் அவர் சட்டையையும் எடுத்து வைத்தேன்.