றேடியோக் குமிழ் என்னிடம் இருக்கிறது

எட்வேட் மச்சான்,

எழும்பினேன், சவரம் செய்தேன், வாசலில் இருந்த பால் போத்தல்களை உள்ளே எடுத்து வைத்தேன். நீங்கள் இன்னும் நித்திரை. நான் றெயினில் வேலைக்குப் போகிறேன். பாணும் சம்பலும் மேசையில்.

நியூ லின் வரை போய்வரக் கார் கேட்டீர்கள். சாவி கதவடி ஆணியில். புஷ்பமலரின் காரில் இருப்பது அந்தக் காலத்து றேடியோ, கசெற் போட இடமில்லை. நேற்று அதன் பின்பக்கத்தைக் கழற்றி, என் வோக்மனில் இருந்து வயர் இழுத்துப் பற்றவைத்தேன். வோக்மனுக்குக் கரண்டும் காரில் இருந்துதான், ஸ்டார்ட் பண்ணியதும் கேட்கும்.

உள்ளே இருப்பது உங்கள் தங்கச்சி புஷ்பமலர் உங்களுக்குப் பேசி அனுப்பிய கசெற். சைவ சமயக்காரனான என்னைக் கட்டினாள் என்று கேளாமலே திருப்பி அனுப்பினீர்களே, அதேதான். ஒரு பக்கம் முடிந்ததும் தானாகவே மறுபக்கம் ஓடும். வோக்மனை டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பெட்டிச் சாவியும், சத்தம் குறைக்கவும் நிறுத்தவும் உள்ள குமிழும் என் பொக்கற்றில். நியூ லின் கிட்ட இல்லை. ஆறுதலாக ஓட்டுங்கள்.

தியாகலிங்கம்

பி.கு. உங்களை மன்னித்துவிட்டுத்தான் அவள் கண்ணை மூடினாள் என்று செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னீர்களாம். பக்கத்தில் இருந்தவன் நான். அவள் கடைசியாகச் சொன்னதில் உங்கள் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை.

"யன்னலைச் சாத்துங்கோ, குளிருது."