ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுத்த காற்று

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், உன் சித்தி என்னைவிடச் சௌக்கியம், அவளுடைய வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. அங்கே நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பிஸ்கட்டை வைத்து ஒப்பேற்றிவிட்டு எங்களிடம் விருந்து சாப்பிட்டதாகப் புளுகுகிறாயா என்பதை மறைக்காமல் எழுது. புளுகுவதற்கு இந்தக் குடும்பத்தில் நான் ஒருவன் போதும்.

காற்றாலை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அது ஒரு மகா காவியம், பொறுமையாகப் படி. அடிக்கடி கரன்ட் போய்ச் சித்தியின் தையல் மெஷின் பாதித் தையலில் நின்றுவிடுகிறதே என்று கவலைப்பட்டு, இந்த லீவுக்கு நான் வரவில்லை, டிக்கெட் பணத்தை அனுப்புகிறேன், மொட்டை மாடியில் ஒரு காற்றாலை வைத்துவிடுங்கள் என்று நீ எழுதினாய் அல்லவா, அதை நான் சித்திக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் கூரையைப் பார்த்திருப்பார். சித்தியோ, உன் வருகைக்காகத் தைத்துக்கொண்டிருந்த நீலக் கவுனை, இரண்டு கையும் தைக்காமல் அப்படியே மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். துணி தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பூமியையே சங்கிலி பிடித்து அளந்த சர்வேயருக்கு வீட்டுக்குள் நடப்பது மட்டும் தெரிவதில்லை.

காற்றாலைக்காரர் நல்ல மனுஷர். வாங்குவதற்கு முன் காற்று போதுமா என்று பாருங்கள் சார் என்று சொல்லி, மூன்று கிண்ணங்கள் கிறுகிறுவென்று சுற்றும் ஒரு கருவியை இரவல் தந்தார். எங்கே வேண்டுமானாலும் நட்டுவிட நான் என்ன கத்துக்குட்டியா? விடிந்ததும் விடியாததுமாக அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி முழுவதும் நடந்தேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிண்ணம் கொட்டாவி விட்டது. படிக்கட்டுப் பக்கம் தூங்கியே போயிற்று. கிழக்கு மூலைக்கு வந்தேன் பார், பேய் பிடித்த மாதிரி சுற்றியது. அங்கேயே கம்பத்தை நட்டுக் கருவியைக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. நம் வீட்டு மூலையில்தான் உலகத்துக் காற்றெல்லாம் குடியிருக்கிறது, நமக்குப் போக மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தெருவுக்கே தானம் செய்யப்போகிறேன் என்று சலூன்காரரிடம் சொன்னேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, காது பத்திரம் சார், அசையாம பேசுங்க என்றார். அந்தக் காற்றுக்கு ஒழுக்கமும் இருந்தது. விடியலில் வேலைக்கு வரும், மத்தியானம் ஓய்வெடுக்கும், ஞாயிற்றுக்கிழமை வரவே வராது. இயற்கைக்கும் வார விடுமுறை வேண்டும்தானே என்று நான் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்.

கருவியைத் திரும்ப வாங்க வந்த காற்றாலைக்காரர் கம்பத்தடியில் நின்று மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். "சார், உங்க காத்துல பன் வாசனை வருதே" என்றார். கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தால், நேர் கீழே பக்கத்து பேக்கரியின் அடுப்புச் சூட்டை வெளியே தள்ளும் ராட்சச மின்விசிறி, என் கம்பத்தைக் குறிபார்த்து ஊதிக்கொண்டிருக்கிறது. பேக்கரிக்காரரைக் கூப்பிட்டு ஒரு நிமிடம் அதை நிறுத்தச் சொன்னோம். அவர் ஸ்விட்சைத் தட்டினார், உலகத்துக் காற்றெல்லாம் பொசுக்கென்று செத்துப்போயிற்று. கிண்ணங்கள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றன. காற்றாலைக்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, சுற்றிலும் நம்மைவிட உயரமான கட்டடங்கள், வருகிற கொஞ்சக் காற்றும் அவற்றில் முட்டி உடைந்துதான் வருகிறது, வெட்டவெளி வீடாக இருந்தால் நானே வற்புறுத்துவேன், இங்கே வைத்தால் காக்கா உட்காரத்தான் பயன்படும் என்று சொல்லிவிட்டுக் கருவியோடு போய்விட்டார். தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்ட வியாபாரியை இந்த ஜென்மத்தில் இப்போதுதான் பார்த்தேன்.

கீழே வந்து சித்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். கேலி செய்வாள் என்று கவசமெல்லாம் மாட்டிக்கொண்டுதான் வந்தேன். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே, தலையை நிமிர்த்தாமல், "பேக்கரிக் காத்துக்காகவா அந்தப் பொண்ண வராம இருக்க விடப் பாத்தீங்க? உடனே வரச் சொல்லி எழுதுங்க" என்றாள். பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். அப்போதுதான் எனக்குத் துணி தீரவில்லை என்று தெரிந்தது.

ஆகையால் தீர்ப்பு இதுதான். காற்றாலை வேண்டாம், அனுப்புவதாகச் சொன்ன பணத்துக்கு டிக்கெட் எடு. தையலைப் பற்றிக் கவலைப்படாதே. பழைய கால்மிதிச் சட்டத்துக்கு எண்ணெய் போட்டு மெஷினில் மாட்டிவிட்டேன். கரன்ட் போனால், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் மிதிக்கிறேன், முழங்காலுக்கு வேலை கொடுக்காமல் அவள் தைக்கிறாள். வேகமா, மெதுவா, தூங்கிட்டீங்களா என்று அதட்டல் மட்டும் ஓயாமல் வருகிறது. கவுனுக்கு இரண்டு கையும் நான் மிதித்து வைத்தவை, இடது கை கொஞ்சம் கோணலாக இருந்தால் சித்தியைக் குற்றம் சொல்லாதே. கழுத்துதான் பாக்கி, அளவெடுத்து உடனே எழுதச் சொன்னாள், மறந்துவிடாதே. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து இறங்காதே, அன்றைக்கு நம் காற்றுக்கு லீவு. இதை எழுதும்போது மாடியில், நான் கம்பம் நட்ட அதே மூலையில், துவைத்துப் போட்ட உன் கவுன் பன் வாசனையோடு படபடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது.

நீ நூறாண்டு, அது போதாவிட்டால் இருநூறு, நோய் நொடியின்றி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் சித்தப்பா
(முன்னாள் சர்வேயர், இந்நாள் தையல் மெஷின் மோட்டார்)