பூனை மேல் போட்ட பழி

மார்ச் 4
ஒட்டுண்ணி சேனலில் புது வீடியோ. மூன்று தடவை பார்த்தாச்சு. டாக்ஸோபிளாஸ்மா: பூனை குடலில் பெருகும், எலி மூளையில் போய் உட்காரும்; அந்த எலிக்குப் பூனை பயமே விட்டுப்போகும். செம! மனுஷ மூளையிலும் தங்குமாம். தற்கொலைக்கு முயன்றவர்கள் ரத்தத்தில் இதன் தடயம் கொஞ்சம் அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றனவாம்.

அங்கேயே நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டிலும் பூனை இருக்கிறது. போன மாதம்தான் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தோம். அவன் சாகப் பார்த்ததை இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச் 5
அண்ணனுக்கு லிங்க் மேல லிங்க் அனுப்பினேன். எல்லாம் நீல டிக். பதில் இல்லை. பக்கத்து அறையில்தான் இருக்கிறான் — எழுந்துபோய்க் கேட்டால் என்ன?

மார்ச் 7
பூனையை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றேன்.
"அது என்னடி பண்ணுச்சு?" என்றாள் அம்மா.
"எல்லாத்துக்கும் அதுதாம்மா காரணம்."
துணி மடித்துக்கொண்டிருந்தவள் அண்ணன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்படி இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

மார்ச் 11
அண்ணனின் மனநல டாக்டரிடம் நானும் போனேன். அந்த டாக்ஸோபிளாஸ்மா இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.
"பார்க்கலாம்மா. ஆனா இது நிறைய பேருக்கு இருக்கு, நல்லாத்தான் இருக்காங்க. ரெண்டும் சேர்ந்து வருதுன்னுதான் ஆய்வு சொல்லுது. இதனாலதான் அதுன்னு யாரும் சொல்லல."
அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "இவளுக்கும் எடுங்க டாக்டர். பூனை தூங்குனதெல்லாம் இவ தலகாணியிலதான்."

மார்ச் 14
அண்ணனுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

பூனையிடமிருந்தோ, சரியாக வேகாத கறியிலிருந்தோ, என்றோ வந்து அடங்கிப்போனதாம். மருந்து வேண்டாமாம்.
"ரசிகையத் தேடி வந்துடுச்சு பாரு உன் புழு," என்றான் அண்ணன்.
"புழு இல்லண்ணா, ஒரே ஒரு செல்."
சிரித்தான். எனக்குத்தான் அழுகை வந்தது. அப்போ... ஏன்? பழி போட இனி யாரு இருக்கா?

மார்ச் 15
அண்ணன் அறைக்குப் போனேன். "ஏண்ணா?" என்றேன்.
போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "கதவ சாத்திட்டு உட்காரு."
பேசினான். பாதிதான் புரிந்தது. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

மார்ச் 22
டாக்டரிடம் கிளம்பும்போது அவனே கூப்பிட்டான். "வர்றியா? வெளியதான் உட்காரணும்."
உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.
"பசிக்குது," என்றான்.