அம்மாவின் முட்டிக்கு வந்த சோதனை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சௌக்கியம், உன் மாமா தேவைக்கு மேல் சௌக்கியம், அம்மாவின் சௌக்கியத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

அம்மாவின் முட்டி தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகைக்கு நான் இன்னொரு பிறவியும் எடுத்து பஞ்சர் ஒட்டவேண்டும். அரசாங்கத் திட்டத்தில் இலவசம், ஆனால் வசதியுள்ளவர்களும் நுழைந்துவிடுகிறார்களாம், அதனால் முன்பு போல அட்டையைக் காட்டினால் போதாது, வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம். உன் மாமாவுக்கு இதில் ஏக சந்தோஷம். ஓசியில குடுத்துக் குடுத்துத்தான் மச்சான் சனங்க சோம்பேறியாயிட்டாங்க என்று, நம் வீட்டில் மூன்றாவது முறை தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார். அப்ப மொதல்ல உன்னத்தான்டா விசாரிக்கணும் என்று அம்மா கரண்டியைக் காட்டினாள்.

எனக்கோ நீ அனுப்பிய அந்தப் பெரிய டிவியை நினைத்துத்தான் பயம். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அதைப் பார்த்தால் யார் நம்மை ஏழை என்று எழுதுவார்கள்? நான் பொய் சொல்லவில்லை, டிவியைக் கொஞ்ச நேரம் மாமா வீட்டுக்கு விருந்துக்கு அனுப்பினேன், அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போகும்போது வாசற்படியில் முட்டியை இடித்துக்கொண்டேன், அது பூரி போல வீங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் உன் அம்மா திரைச்சீலையெல்லாம் துவைத்து மாட்டி, பக்கத்து வீட்டிலிருந்து சோபாவை இரவல் வாங்கிப் போட்டு, கல்யாணப் புடவையில் நிற்கிறாள். அடியே, நாம ஏழைன்னு காட்டணும் என்று நான் சொன்னால், அதுக்காக வீட்டுக்கு வர்ற பொம்பளப் புள்ளைய ஓட்ட நாற்காலியிலயா உக்கார வைப்பாங்க என்கிறாள்.

வந்த அதிகாரி உன் வயதுப் பெண்தான். அம்மா ஒரு முனகல் இல்லாமல் தட்டும் தம்ளருமாக அடுப்படிக்கும் கூடத்துக்கும் பறக்கிறாள், நான் பின்னாலேயே நொண்டுகிறேன். முட்டி எப்படி சார் இருக்கு என்று அந்தப் பெண் கேட்டது, ஏதோ மரியாதைக்குக் கேட்கிறது என்று நினைத்து, உயிர் போகுது மேடம் என்றேன். நல்ல மனசு, சோபாவைக்கூடக் கண்டுகொள்ளாமல் ஒப்புதல் போட்டுவிட்டது. எனக்கு! என் முட்டியை மாற்ற!

என் வீக்கம் வற்றியதும், திருத்தச் சொல்லி இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனோம். மாடியில் இருக்கிறது, லிப்ட் வேலை செய்யவில்லை. என் முட்டி நன்றாக இருக்கிறது என்று காட்ட நான் படிகளில் ஓடினேன், மேலே இருந்த குமாஸ்தா, அப்ப ரத்து பண்ணிடவா என்று பேனாவை எடுத்துவிட்டார். பதறிப்போய்க் கீழே ஓடிவந்தால் அம்மா நாலாம் படியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அதே அதிகாரிப் பெண். ஒண்ணுமில்லம்மா, சும்மா காத்தாட உக்காந்தேன் என்றாள் அம்மா. அந்தப் பெண் போகவில்லை, அதுவும் படியில் உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா, வலிக்குதும்மா, ராத்திரியில தூக்கமே இல்ல என்றாள். பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிற எனக்கு இது புதுச் செய்தி. அந்தப் பெண்ணே மேலே போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தது.

அடுத்த மாதம் முதல் வாரம் ஆபரேஷன். மாமா தன் கண்புரைக்கு எங்கே மனுக் கொடுப்பது என்று விசாரிக்கிறார், கொள்கை வேற கண்ணு வேற மச்சான் என்கிறார். ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு பெண் துணை வேண்டும் என்கிறார்கள். அவளுக்கு வேலை இருக்கும், வரவேண்டாம்னு எழுதுங்க, எனக்கு ஒண்ணுமில்ல என்று அம்மா சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். ஆனால் அவள் சொல்வதை நம்புகிற வழக்கத்தை அந்த நாலாம் படியிலேயே விட்டுவிட்டேன் கண்ணு. எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று மட்டும் எனக்குத் தெரியப்படுத்து, அழைத்துவர நான் வந்து நிற்கிறேன்.

மகராசியாய் இரு. வரும்போது இன்னொரு டிவி மட்டும் வாங்கி வந்துவிடாதே.

இப்படிக்கு,
இரண்டு நல்ல முட்டிகளுடன் உன் அப்பா